படிவம் கேட்காத கேள்வி

கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறினால் கோவளம் ஒரு மணி நேரத்திற்குள் வந்துவிடும். அங்கே ஸ்கூபா முக்குளிப்பு இன்று சுற்றுலாவின் ஒரு பகுதி. நீச்சல் அறியாதவர்களும் பயிற்றுநரின் துணையோடு கடலுக்குள் இறங்குகின்றனர். முந்தைய இரவின் மதுவும் கஞ்சாவும் விடுமுறைக் கடற்கரைகளுக்குப் புதியன அல்ல. இவ்விரண்டும் சந்திக்கும் இடம் குறித்த பேச்சு ‘போதை தவறு’ என்ற ஒற்றை வாசகத்தோடு நின்றுவிடுகிறது. அவ்வாசகம் யாரையும் காப்பாற்றப் போவதில்லை.

‘ஆழம் குறைவுதானே’ என்பது வழக்கமான சமாதானம். இயற்பியல் அதற்கு இடம் தரவில்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் மூச்சை அடக்கியபடி மேலேறுபவரின் நுரையீரலில் உள்ள காற்று, நீர்மட்டத்தை எட்டும்போது இருமடங்காக விரிய முற்படும். அதனால் நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழிகள் மூளையின் இரத்தக்குழாய்களை அடைக்கலாம். இதைத் தவிர்க்கும் ஒரே வழி, பதற்றமின்றித் தொடர்ந்து மூச்சு விடுவதுதான். கஞ்சாவோ இதயத்துடிப்பைக் கூட்டுகிறது, கால உணர்வைக் குலைக்கிறது, சிலருக்குப் பீதியையே உண்டாக்குகிறது. 30 மீட்டரை நெருங்குகையில் தெளிந்த மனிதருக்கும் நைட்ரஜன் மயக்கம் ஏற்படக்கூடும். அதன்மீது இன்னொரு மயக்கம் ஏறினால் விளைவு என்னவாகும் என்பதை மனிதர்களை வைத்துச் சோதிக்க ஆய்வறம் அனுமதிக்காது. ஆகவே, தரவு குறைவாக இருப்பதை ஆபத்து குறைவாக இருப்பதாகக் கொள்ள முடியாது.

கரையேறிய பின்னும் சிக்கல் தீர்வதில்லை. அழுத்தத் தளர்வு நோயின் அறிகுறிகளான சோர்வு, தலைச்சுற்றல், தடுமாற்றம், குழப்பம் ஆகியவை போதையின் அறிகுறிகளைப் போலவே தோன்றும். ‘போதை தெளியட்டும்’ எனக் காத்திருக்கும் நேரம், ஆக்சிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும் கிடைத்திருக்க வேண்டிய நேரம்.

முக்குளிப்புக்கு முன் நிரப்பப்படும் பன்னாட்டு மருத்துவ வினாப்படிவம், கடந்த 5 ஆண்டுகளில் போதை அடிமைத்தனத்திற்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்று கேட்கிறது. நேற்றிரவு என்ன உட்கொண்டீர்கள் என்பதே அன்றைய ஆபத்தைச் சொல்லும் கேள்வி. அதைக் கேட்டாலும் உண்மை வருவது அரிது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா நுகர்வு தண்டனைக்குரியது. சிகிச்சையை நாடிவரும் அடிமைப்பட்டவர்க்கு அதன் 64ஏ பிரிவு காப்பளிக்கிறது. எப்போதோ ஒருமுறை புகைத்துவிட்டு, மறுநாள் உண்மையைச் சொல்ல விரும்பும் மாணவருக்கு அக்காப்பு இல்லை. செலுத்திய கட்டணம் வீணாகும் என்ற எண்ணமும் சேர்ந்தால், மௌனமே அவருக்கு எளிதாகிறது.

நுகர்வை இயல்பாக்க வேண்டும் என்பது இங்கு வாதமன்று. போதையில் இருப்பவர் கடலில் இறங்கக் கூடாது. அதில் சலுகைக்கு இடமில்லை. அவரைக் கரையில் நிறுத்தும் வழி, அவர் வாய்திறக்கும் சூழல்தான். கேள்வியைப் பயிற்றுநர் தனிமையில் கேட்கலாம். பதிலை எழுதி வைக்க வேண்டியதில்லை. காரணம் கேளாமல் வேறு நாள் ஒதுக்கித் தரலாம். மாணவர் பயணங்களை ஏற்பாடு செய்யும் துறைகள் இந்த ஏற்பாடு உள்ள நிலையங்களை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம்.

முத்துக்குளிப்பவரின் கயிற்றை அவருடைய மச்சானே பிடிப்பார் என்பது தென்கடற்கரை வழக்கு. நீருக்குள் இறங்குபவரின் உயிர் மேலே இருப்பவரின் பொறுப்பு என்பதை அக்கடற்கரை நன்கறிந்திருந்தது. ஸ்கூபாவில் இணையாக இறங்குபவரும் அதே நிலையில்தான் இருக்கிறார். ஒருவரின் மறைப்புக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் அவர் மட்டுமல்லர்.