கூடுதல் காசு கொடுத்தால் கூடுதல் வரிசையா?



முழுப் பரீட்சை முடிந்து புத்தகப் பையை மூலையில் போட்ட மறுநாளே பிள்ளைகள் ஆரம்பித்து விடுகிறார்கள், "இந்த லீவுக்கு எங்கம்மா கூட்டிட்டுப் போறீங்க?" என்று. எங்கள் சின்ன வயதில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. லீவு என்றால் அம்மாச்சி வீடு. அதை விட்டால் எங்கள் விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்குப் போடும் பொருட்காட்சி. அங்கேயும் ராட்டினத்துக்கு வரிசை உண்டு. ஆனால் கையில் இருக்கும் டெல்லி அப்பளம் தீர்வதற்குள் நம் முறை வந்துவிடும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது போதவில்லை, 'தீம் பார்க்' வேண்டும். அதில் தப்பில்லை. வருஷம் பூராவும் படிப்பு, டியூஷன் என்று அலைகிற பிள்ளைகள் ஒரு நாள் தண்ணீரில் ஆடட்டுமே என்று எந்தத் தாய்தான் நினைக்க மாட்டாள்? ஆனால், அந்த ஒரு நாளில் ஆடியது எவ்வளவு நேரம், நின்றது எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்தபோதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

2019 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பூங்காவுக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். அன்றும் கூட்டம்தான். ஆனால் எதற்கும் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றதாக ஞாபகம் இல்லை. பெரியவன் ஒரே சறுக்கில் நாலு தடவை சறுக்கினான். சின்னவளுக்கு அப்போது மூன்று வயது. இடுப்பை விட்டு இறங்கவில்லை.

"நான் வளர்ந்ததும் மறுபடி கூட்டிட்டுப் போகணும்" என்று அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்டு அவளும் வளர்ந்தாள். ஒரு வருஷமாகச் சிறுவாடு சேர்த்து, 2025 மே மாதம் அதே பூங்காவுக்குப் போனோம். நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், நாத்தனார் மகள் என்று ஆறு பேர். இவர் எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுகிறார். ஞாயிறு மட்டும்தான் லீவு. அதனால் இந்தத் தடவையும் ஞாயிற்றுக்கிழமைதான்.

டிக்கெட்டை போனிலேயே வாங்கிவிட்டோம். விடுமுறை நாள் என்பதால் சாதாரண நாளை விடக் கட்டணம் கூடுதல். வாசலில் வரிசையே இல்லை. "பரவாயில்லையே, கூட்டம் கம்மி" என்று சந்தோஷப்பட்டேன். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, போனில் டிக்கெட் வந்ததால் கூட்டம் குறையவில்லை. வாசலில் நின்ற கூட்டம் உள்ளே போய் நின்றுகொண்டிருக்கிறது!

முதல் ரோலர் கோஸ்டருக்கு ஒரு மணி பத்து நிமிஷம் நின்றோம். மேலே தகரக் கூரை, அக்னி நட்சத்திர வெயில், பக்கத்தில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஏறுகிற இடத்துக்கு வந்த பிறகு ஒருவர் அளவுகோலை வைத்து என் மகளை நிறுத்தினார். இரண்டு அங்குலம் குறைகிறதாம். பாதுகாப்புக்காக வைத்த விதி. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த அளவுகோலை வரிசை ஆரம்பிக்கிற இடத்தில் வைத்திருந்தால், ஒன்பது வயசுப் பிள்ளை ஒரு மணி நேரம் வெயிலில் நின்று, கடைசிப் படியில் அழுதுகொண்டே இறங்கியிருக்க வேண்டாமே!

அடுத்த வரிசையில் இன்னொன்று நடந்தது. நாங்கள் நின்றுகொண்டே இருக்கிறோம். பக்கத்தில் ஒரு சின்ன வழி. கையில் வேறு நிறப் பட்டை கட்டியவர்கள் அதில் வந்து நேரே ஏறுகிறார்கள். ஒரு பையன் போய்விட்டு இறங்கி, மறுபடியும் வந்து ஏறினான். விசாரித்தால் அதற்குத் தனி டிக்கெட். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. என் மகன் அவன் அப்பாவைப் பார்த்து, "நீங்க ஏம்ப்பா அந்த டிக்கெட் வாங்கலை?" என்று கேட்டான். இவர் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையில் இருந்த டிக்கெட் ரசீதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்தக் கூட்டி வந்த மனிதர், ஊர் பேர் தெரியாத கூட்டத்துக்கு நடுவில் தலைகுனிந்து நின்றதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நின்ற நேரத்தில் மகனே ஒரு கணக்குப் போட்டான். அந்த ராட்டினத்தில் 24 பேர் உட்காரலாம். ஏறி, சுற்றி, இறங்க 5 நிமிஷம். மணிக்கு 12 சுற்று என்றால் 288 பேர். எங்களுக்கு முன்னால் ஏறக்குறைய 430 பேர் இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் நம் முறை வரவேண்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 8 இடம் பட்டைக்காரர்களுக்குப் போனால், மிச்சம் 16 இடம்தான். மணிக்கு 192 பேர். அதே 430 பேர் போக இரண்டேகால் மணி நேரம் ஆகும். அதாவது, அவர்களுக்கு மிச்சமாகிற நேரம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. நம் பிள்ளைகளின் விளையாட்டு நேரத்திலிருந்து எடுத்துத்தான் விற்கப்படுகிறது.

"கோவிலில்கூட சிறப்பு தரிசன டிக்கெட் இருக்கிறதே, இது மட்டும் என்ன?" என்று சில தோழிகள் கேட்கலாம். நானும் யோசித்துப் பார்த்தேன். திருப்பதியில் 300 ரூபாய் டிக்கெட் உண்டு, இலவச தரிசனமும் உண்டு. அங்கே நீண்ட வரிசையில் நிற்பவர் காசு கொடுக்காதவர். இங்கேயோ, முழுக் கட்டணம் கொடுத்தவர்தான் நீண்ட வரிசையில் நிற்கிறார்! அதை விட முக்கியமான விஷயம் ஒன்று. இலவச தரிசனத்துக்கு இன்றைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று திருப்பதியில் தினமும் சொல்கிறார்கள். பத்திரிகையிலும் போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போவதா வேண்டாமா என்று நாம் முடிவு செய்யலாம். அத்தனை லட்சம் பேர் வருகிற இடத்தில் முடிகிற காரியம், ஒரு பூங்காவில் முடியாதா?

வெளிநாட்டிலும் இது இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகன் சொன்னான், டிஸ்னி பூங்காக்களில் ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்று எழுதிப் போட்டிருப்பார்களாம். போனிலும் பார்க்கலாமாம். ஆனால் அங்கேயும் ஒரு பாடம் உண்டு. நேரம் குறித்துக்கொண்டு போய், நிற்காமல் ஏறுகிற 'ஃபாஸ்ட் பாஸ்' சீட்டை 1999-ல் ஆரம்பித்தபோது எல்லோருக்கும் இலவசமாகத்தான் கொடுத்தார்கள். 2021-ல் அமெரிக்காவில் அதை எடுத்துவிட்டுக் காசுக்குக் கொடுக்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். வரிசையையே விற்கலாம் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் யார் சும்மா கொடுப்பார்கள்?

சரி, ஏன் இப்படி ஒரே நாளில் கூட்டம் குவிகிறது? எங்களைக் கூட்டிப்போன வேன் டிரைவர் அண்ணன் ஒன்று சொன்னார். "முன்னெல்லாம் மே மாசம் பூரா ஓட்டம் இருக்கும்மா. இப்ப ஞாயித்துக்கிழமைக்கு நாலு பேரு வண்டி கேக்கறாங்க. செவ்வா, புதன்ல வண்டி சும்மா நிக்குது." யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு லீவிலும் வகுப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல், கராத்தே, அபாகஸ். ஆணும் பெண்ணும் வேலைக்குப் போகிற வீடுகளில் மிஞ்சுவது ஞாயிறு ஒன்றுதான். பள்ளி திறக்கும் தேதியும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2023-ல் வெயில் காரணமாக ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று தள்ளிப் போனது. 2024-ல் ஜூன் 10. 2025-ல் ஜூன் 2. தேதி தள்ளிப் போகும்போதெல்லாம், 'இன்னும் ஒரு ஞாயிறு கிடைத்தது' என்று கிளம்புகிறவர்கள் எத்தனை பேர்!

பூங்கா நடத்துகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், இயந்திரங்களைப் பராமரித்தாக வேண்டும். கோடையில்தான் அவர்கள் நாலு காசு பார்க்க முடியும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கூட்டமான நாளில் கட்டணத்தைக் கூட்டி, கொடுக்கிற விளையாட்டைக் குறைப்பது எந்த ஊர் வியாபாரம்? அரிசிக் கடைக்காரர் தீபாவளிக்கு விலையைக் கூட்டினாலும் படியில் குறைக்க மாட்டாரே!

பெண்களின் காத்திருப்பு என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதால் வாடகை உடைக்கு ஒரு வரிசை. பெட்டகச் சாவிக்கு ஒரு வரிசை. சாப்பாட்டு டோக்கனுக்கு ஒரு வரிசை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்கள் கழிப்பறை வரிசை. ஆண்கள் பக்கம் நாலு பேர் நிற்க, எங்கள் பக்கம் நாற்பது பேர். ஈரத்துணியோடு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனை தாய்மார்கள்! என் மாமியார் பைகளைக் காவல் காத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தபோது, "ஏத்தா, காசைக் குடுத்து வெயில்ல நிக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று கேட்டார். அன்று நான் தண்ணீரில் இறங்கியது மொத்தம் இருபது நிமிஷம். பிள்ளைகள் ஏறியது ஐந்தே விளையாட்டு. நின்ற நேரம் நாலரை மணிக்கு மேல்.

அதனால் பூங்கா நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயங்கள் அல்ல. டிக்கெட் கொடுக்கும் இடத்திலும், போனில் வாங்கும் பக்கத்திலும், இன்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதிப் போடுங்கள். சினிமாக் கொட்டகையில் சீட் தீர்ந்தால் 'ஹவுஸ்ஃபுல்' பலகை வைப்பார்களே, அதுபோல ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று நிறுத்துங்கள். அதிவேக டிக்கெட்டுக்கு எத்தனை இடம் ஒதுக்குகிறீர்கள் என்பதை மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். உயர அளவுகோலை வரிசையின் தலைவாசலில் வையுங்கள். வரிசையில் நிழலும் குடிதண்ணீரும் கொடுங்கள். பெண்கள் கழிப்பறைகளைக் கூட்டுங்கள். சுற்றுலாத் துறையும் இதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

தோழிகளுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட அனுபவத்தில் சில வார்த்தைகள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்றிருந்தால் செவ்வாய், புதனில் போங்கள். கட்டணமும் குறையலாம், வரிசையும் குறையும். கதவு திறக்கும்போதே வாசலில் இருங்கள். எல்லோரும் முதலில் கண்ணில் படுகிற ராட்டினத்தில் போய் நிற்பார்கள். நீங்கள் கடைக்கோடிக்குப் போய், பெரிய விளையாட்டை முதலில் முடித்துவிடுங்கள். சாப்பாட்டை பதினொன்றரைக்கோ இரண்டரைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் உயரத்தை வீட்டுச் சுவரிலேயே அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பி வரும்போது வேனில் என் மகள் என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் பொருட்காட்சிக்கே போவோம்மா. அங்க எல்லாரும் ஒரே வரிசைலதானே நிப்பாங்க?" என்றாள். இவர் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்து, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

எங்களுக்குச் சலுகை வேண்டாம். கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கும் என்பதை வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்கிறோம். அடுத்த கோடைக்குள்ளாவது பூங்கா நடத்துகிறவர்கள் யோசிப்பார்களா?

என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, விருதுநகர்.