பொட்டிடும் கை துடைக்கட்டும்!

இசைக் கருவியை மீட்டுகிறவருக்கு அதைத் துடைக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

நண்பர்களே, ஆயுத பூசையன்று நம் மன்றத்துப் பேஸ் கிதாருக்கும் சந்தனப் பொட்டிடுகிறோம். மறுநாள் முதல் அதன் கழுத்தில் படிவது நம் வியர்வையும் அழுக்குந்தான். பொதுச் சொத்து என்றால் எல்லாரும் எடுக்கலாம், எவரும் துடைக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது!

பேஸ் கிதாரில் இக்குறை பெரிது. அதன் கம்பி அதிரும் நீளமே வழக்கமாக 34 அங்குலம். அதற்கேற்ப நீண்ட கழுத்தில் இடக்கை ஓடியாக வேண்டும். கழுத்து பிசுபிசுத்தால் கட்டைவிரல் சிக்கும். கை தடுமாறத் தாளமும் தடுமாறும். உடனே, "கருவி பழசு" என்று பழி!

"துடைப்பது தச்சர் வேலை, மீட்டுவதே நம் வேலை" என்பாரும் உளர். கைபடும் வேலையைத் தாழ்வென எண்ணும் பழைய நோய் இது. தஞ்சை வீணையின் 24 மெட்டுகளையும் மெழுகிலே பதித்துச் சுரம் பிசகாமல் அமைத்துத் தருபவர் கைவினைஞர். மேடையிலே மாலை விழுவதோ வாசித்தவர் கழுத்தில். அமைத்தவர் பெயரை அங்கே சொல்வார் எத்தனை பேர்?

வேலையோ எளிது. கழுத்தின் பின்புறத்தைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். பிசுபிசுப்பு போகாவிட்டால், 0000 எண் ஸ்டீல் உல்லால் மர இழையின் போக்கிலே மெல்லத் தேயுங்கள். வார்னிஷின் பளபளப்பு மங்கும்; கை வழுக்கி ஓடும். இரும்புத் தூள் ஒட்டாதபடி கருவியின் காந்தங்களை முன்னமே மூடிவிடுங்கள். மரம் தெரியுமட்டும் தேய்க்கலாகாது. வெறும் மரம் ஈரத்தைக் குடித்து வளையும். விரல் பலகை, கன்னடத்தார் பீட்டெ என்னும் ஈட்டி மரமானால், ஆண்டுக்கு ஓரிரு முறை கிதாருக்கென விற்கும் எண்ணெய் சில துளி போதும். சமையல் எண்ணெய் வேண்டா, நாளடைவில் நாறும்.

பெங்களூரின் மாசி, பங்குனி வறட்சியில் மரம் சுருங்கும். மெட்டுகளின் முனைகள் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். அவற்றை அரத்தால் அராவுவது தேர்ந்த கையின் வேலை. அத்தகையவரிடம் கொண்டு செல்லுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.

மன்றத்தாருக்கு ஒன்று சொல்வேன். கிதாரின் உறையிலே ஒரு துணி வையுங்கள். வாசித்தவரே துடைத்து வைக்கட்டும். அடுத்தவர் கைக்கு நாம் கொடுப்பது கருவியாக இருக்கட்டும்; நம் அழுக்காக இருக்க வேண்டா.