எங்க தெருவைப் பத்திப் படிக்கக் கூடாதாம்

லண்டனில் எல்.எல்.எம். படிக்கணும். நம்ம பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிப் படிக்க வைக்கிற மத்திய அரசின் உதவித்தொகை விதிகளைப் புரட்டினேன். 2022இல் நுழைத்த ஒரு வரி: இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு, இதுக்கெல்லாம் பணம் கிடையாது. அதை இங்கேயே படிக்கலாமாம்.

யாருகிட்ட? 'எப்பப் பாத்தாலும் சாதிதானா, வேற தலைப்பே கிடைக்கலையா' என்று என்னைத் திருப்பி அனுப்பின வாத்தியார்கிட்டயா? கம்பெனிச் சட்டம் படி, காப்புரிமை படி, காசு தர்றோம். சேரி எரிஞ்ச வழக்கை மட்டும் தொடாதே. இதுதான் அந்த வரிக்கு அர்த்தம்.

1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் இந்தியச் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். அவரை அங்கே அனுப்பின காசு பரோடா மன்னருடையது. (மன்னர் புகழ் பாட நான் வரல.) இந்த விதி அன்னைக்கு இருந்திருந்தா அந்தக் கட்டுரைக்கு ஒரு பைசா வந்திருக்காது.

சாதி இங்கே மட்டுமா இருக்கு? கடல் தாண்டினா தீட்டுன்னவன் அதையும் மூட்டை கட்டித்தானே எடுத்துட்டுப் போனான்! 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்கணும்னு பிரிட்டன் நாடாளுமன்றம் 2013இல் சொன்னது. 2018இல் அந்த நாட்டு அரசு கைவிரித்துவிட்டது. 2023இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே வருஷம் கலிபோர்னியா ஆளுநர் அப்படியொரு மசோதாவில் கையெழுத்துப் போட மறுத்தார். இதையெல்லாம் அந்த மண்ணில், அந்தக் கோர்ட்டுகளைப் பார்த்துப் படிக்க வேண்டாமா?

'வேற தலைப்பை எழுதிப் பணத்தை வாங்கு, அங்க போய்ப் பாத்துக்கலாம்' என்கிறார்கள் தோழர்கள். பொழைக்கத் தெரிஞ்ச யோசனைதான். பொய் நான் ஏன் சொல்லணும்?