சங்கிலி அடகுக்குப் போகுமுன் மண் பரிசோதனைக்குப் போகட்டும்!

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் மதுரையில் தெருமுனைக்குத் தெருமுனை தர்ப்பூசணிக் குவியல்தான். கீற்று வாங்கித் தின்கிற நமக்கு இனிக்கிறது. விளைவித்த வீட்டுப் பெண்ணின் சங்கிலி அடகுக் கடையில் கிடப்பது யாருக்குத் தெரியும்?

மேலூர் பக்கம் எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர் இருக்கிறது. உரக்கடையில் சொன்ன மூட்டையை எல்லாம் வாங்கிப் போடுவார் என் வீட்டுக்காரர். முதலீடு என் சங்கிலி. கொடி கரும்பச்சையாக மண்டிக் கிடக்கும், காயை எண்ணி எடுத்துவிடலாம். தழைச்சத்து மிஞ்சினால் கொடிதான் ஓடும், காய் பிடிக்காது என்று அப்போது தெரியாது.

ஒருநாள் என் மாமியார், "குப்பை அள்ளிச் சுமக்கிறவ நீ. எவ்வளவு போடணும்னு கேக்க மட்டும் உனக்கு வாய் இல்லையாக்கும்?" என்றார். சுருக்கென்றது. ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு இருவரும் போய் விசாரித்தோம்.

வரப்பு, மர நிழல், எருக்குழி ஓரம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோ பரிசோதனைக்குக் கொடுத்தோம். சாதாரண ரகத் தர்ப்பூசணிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, ஏக்கருக்குத் தொழு உரம் 8 டன். தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 22 கிலோ. 22 கிலோ தழைச்சத்துக்கு யூரியா 48 கிலோ போதும். ஒரு மூட்டைக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்! அதையும் விதைத்து முப்பதாம் நாள்தான் போட வேண்டுமாம். வீரிய ஒட்டு ரகத்துக்கு அளவு கூடும், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா இரண்டையும் மக்கிய எருவில் கலந்து கடைசி உழவுக்கு முன் போட்டோம். இவற்றை ரசாயன உரத்தோடு சேர்த்துக் கலக்கவே கூடாது.

விளைச்சல் ஒரேயடியாக இரட்டிப்பாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். காய் ஒரே சீராக வந்தது. உரச் செலவு குறைந்தது. சங்கிலி கழுத்திலேயே இருந்தது. சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. செலவு நம் கையில்தானே இருக்கிறது?

சகோதரிகளே, மாட்டைப் பார்ப்பதும் சாணி அள்ளுவதும் நாம்தான். எருவை வெயிலில் கொட்டிக் காயவிட்டால் சத்து போய்விடும். நிழலில் குழி வெட்டி மூடி மக்க வையுங்கள். 2015-இல் வந்த மண்வள அட்டை பல வீடுகளில் பரணில் தூங்குகிறது. எடுத்துப் பாருங்கள். அட்டை இல்லையென்றால் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுங்கள். உரம் வாங்கும் கணக்கு நோட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

மளிகைக் கடையில் அஞ்சு ரூபாய்க்குக் கணக்குக் கேட்கும் நாம், உர மூட்டைக்கு மட்டும் ஏன் கேட்காமல் இருக்க வேண்டும்?

- ஒரு வாசகி, மேலூர்