லட்ச ரூபாய் டி.ஜே. பெட்டி: எது லாபம், எது தலைவலி?

மதுரை:

கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் "ரேடியோ செட் இருக்கா?" என்று கேட்பதோடு விடுவதில்லை. "டி.ஜே. உண்டா?" என்றும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

"இல்லை" என்றால் ஆர்டர் அடுத்த கடைக்குப் போய்விடும். "உண்டு" என்றால் மெஷின் வேண்டும். மெஷின் என்றால் சும்மாவா? பெரிய மெஷின்கள் லட்சக்கணக்கில் விலை!

ஆனையூர் போன்ற இடத்தில் தொழில் நடத்துகிறவருக்கு இந்தத் தலைவலி இரட்டிப்பு. ஆனையூர் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட பகுதி. ஆனால் அந்தப் பக்கம் திரும்பினால் அலங்காநல்லூர் சாலையில் வயக்காடும் கிராமமும்தான். ஒருநாள் ஏ.சி. மண்டபம். மறுநாள் பொட்டலில் போட்ட தென்னங்கீற்றுக் கொட்டகை. இரண்டுக்கும் ஒரே மெஷின் ஓட வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது?

அது என்ன பெட்டி?

பழைய காலத்தில் இசைத்தட்டு, பிறகு கேசட், பிறகு சி.டி. சி.டி.யை வைத்து டி.ஜே. செய்வதற்காகவே தட்டையான மேசைப் பிளேயரை ஜப்பானின் பயனியர் கம்பெனி 1994-ல் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு லேப்டாப்பும் கன்ட்ரோலரும் வந்தன.

லேப்டாப்பில் ஒரு சங்கடம். மாப்பிள்ளை மேடை ஏறும் நேரத்தில் "அப்டேட் ஆகிறது" என்று அது படுத்துக்கொண்டால் ஆளையே அடிப்பார்கள்!

அதற்கு மாற்றாக வந்ததுதான் 'ஆல்-இன்-ஒன்' பெட்டி. இரண்டு பிளேயர், நடுவில் மிக்சர், மேலே தொடுதிரை எல்லாம் ஒன்றாகவே இருக்கும். பென் டிரைவைச் செருகினால் போதும். லேப்டாப் வேண்டாம். அதன் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால் பாட்டு ரெடி.

இரண்டு கம்பெனி மல்லுக்கட்டு

சந்தையில் முக்கியமாக மோதிக்கொள்வது இரண்டு கூட்டம்.

ஒன்று, ஜப்பானின் யோகோஹாமாவில் உள்ள ஆல்ஃபாதீட்டா. 'பயனியர் டி.ஜே.' என்று எல்லாருக்கும் தெரிந்த கம்பெனிதான் 2020-ல் இந்தப் பெயருக்கு மாறியது.

மற்றொன்று, அமெரிக்காவின் இன்மியூசிக். டெனான் டி.ஜே., நியூமார்க் ஆகிய இரண்டு பெயரிலும் விற்பது இதே கம்பெனிதான்.

பயனியர் பக்கம் 2021-ல் எக்ஸ்.டி.ஜே.-ஆர்.எக்ஸ்.3 வந்தது. இரண்டு சேனல், 10.1 அங்குலத் திரை. 2023-ல் ஓபஸ் குவாட் வந்தது. இதில் ஒரே நேரத்தில் நாலு பாட்டைக் கையாளலாம். 2024-ல் எக்ஸ்.டி.ஜே.-ஏ.இசட். வந்தது. இதுவும் நாலு பாட்டு.

எதிர்த் தரப்பு சும்மா இருக்குமா? டெனான் 2019-லேயே பிரைம் 4 என்று நாலு சேனல் பெட்டியை இறக்கிவிட்டது. 2023-ல் அதைத் திருத்தி பிரைம் 4 பிளஸ் ஆக்கியது. வைஃபை உண்டு. உள்ளேயே ஹார்ட் டிஸ்க் மாட்டவும் இடம் உண்டு. பென் டிரைவில் இருக்கும் புதுப் பாட்டின் தாள வேகத்தைக் கம்ப்யூட்டர் இல்லாமல் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

குறைந்த விலை வேண்டுவோருக்கு நியூமார்க் மிக்ஸ்ட்ரீம் புரோ. சின்ன ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிறது. வீட்டில் கை பழக அது வசதி. மண்டபத்துக்கு வெளிப் பாக்ஸ் கட்டாயம்.

வசதிப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் டெனான் தாராளம். பெயரை வைத்துப் பார்த்தால் பயனியர்தான். ஆனால் தொழில்காரர் முதலில் பார்க்க வேண்டியது பட்டியலும் இல்லை, பெயரும் இல்லை.

பென் டிரைவில் இருக்குது சூட்சுமம்!

பயனியருக்கான பென் டிரைவை 'ரிகார்ட்பாக்ஸ்' என்ற சாஃப்ட்வேரில் தயார் செய்ய வேண்டும். டெனானுக்கும் நியூமார்க்குக்கும் 'எஞ்சின் டி.ஜே.'

முகூர்த்த நாளில் மெஷின் மக்கர் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வார் ரேடியோ செட்டுக்காரர்? செல்லூரிலோ கூடல் நகரிலோ இருக்கும் சக தொழில்காரருக்குப் போன் போடுவார். "அண்ணே, உங்க மெஷினை ஒருநாள் குடுங்க!"

வருவது அதே ஜாதி மெஷின் என்றால் கவலை இல்லை. பென் டிரைவைச் செருகினால் வரிசையாக அடுக்கிய பாட்டு அப்படியே திரையில் வந்துவிடும். வேறு ஜாதி என்றால்?

டெனான் மெஷின் ரிகார்ட்பாக்ஸ் பென் டிரைவைப் படித்துக்கொள்ளும். ஆனால் எஞ்சின் டி.ஜே.யில் தயார் செய்த பென் டிரைவைப் பயனியரில் போட்டால் பாட்டு ஃபைல்கள்தான் கிடைக்கும். பாட்டு வரிசையும், எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று வைத்த குறியும் வராது. ஆயிரம் பாட்டுக்குள் ஒரு பாட்டைத் தேடி மேடையில் வியர்க்க வேண்டியதுதான்!

ஒரே வீட்டுக்குள்ளும் வம்பு உண்டு. ஆர்.எக்ஸ்.3 படிப்பது பழைய மாதிரிப் பதிவு. ஓபஸ் குவாட்டும் ஏ.இசட்.டும் கேட்பது 'டிவைஸ் லைப்ரரி பிளஸ்' என்ற புது மாதிரிப் பதிவு. ரிகார்ட்பாக்ஸில் இரண்டு மாதிரியையும் ஏற்றி வைக்காவிட்டால் "பயனியர்தானே" என்று நம்பிப் போனவர் ஏமாறுவார்.

பென் டிரைவை எஃப்.ஏ.டி.32 முறையில் பார்மட் செய்து வைப்பதும் நல்லது. பழைய மெஷின்கள் சிலவற்றுக்கு வேறு முறை ஒத்துவராது.

எனவே வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சுற்று வட்டாரத்தில் அவசரத்துக்கு இரவல் கொடுக்கக் கூடியவர்கள் எந்த மெஷின் வைத்திருக்கிறார்கள்?

மைக்குக்கே முதல் மரியாதை

வெளிநாட்டு டி.ஜே. பாட்டை மட்டும் ஓட்டினால் போதும். நம்மூரில் அப்படியா? "மணமக்களை வாழ்த்த மேடைக்கு வருமாறு..." என்று அறிவிப்பு ஓயாது. மொய் எழுதும் இடத்தையும் பந்தி நேரத்தையும் அதே மைக்கில்தான் சொல்ல வேண்டும்.

ஆர்.எக்ஸ்.3, பிரைம் 4 பிளஸ் இரண்டிலும் இரண்டு மைக் செருகலாம். விலை குறைந்த பெட்டி வாங்குகிறவர் இதை எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொரு உபயோகமான விஷயம், 'ஸோன்' அவுட்புட். பிரைம் 4 பிளஸ், ஓபஸ் குவாட் இரண்டிலும் இது உண்டு. மேடையில் குத்துப்பாட்டு ஓடும்போதே சாப்பாட்டுக் கூடத்தில் வேறு பாட்டை மெதுவாக விடலாம். பெரிய மண்டபக்காரருக்கு இது லாபம். கொட்டகைக்கு இது வேண்டாத செலவு.

கரண்ட் போனால்?

இந்தப் பெரிய மெஷின்கள் எதிலும் பேட்டரி கிடையாது. கரண்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் மெஷின் அணைந்துவிடும். மறுபடி உயிர் வந்து பென் டிரைவைப் படிக்கும்வரை கூட்டம் விசில் அடிக்கும்.

டெனான் பிரைம் கோ, ஆல்ஃபாதீட்டா ஆம்னிஸ் டூயோ ஆகிய சின்ன மெஷின்களில் பேட்டரி இருக்கிறது. பெரிய மெஷின்காரர் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யு.பி.எஸ். ஒன்றை மெஷினுக்கு மட்டும் கொடுத்தால் போதும். பாக்ஸ் நின்றாலும் மெஷின் நிற்காது.

வெயிலையும் மறக்கக் கூடாது. கோடையில் மதுரையில் 40 டிகிரியைத் தாண்டும் நாளும் உண்டு. கொட்டகை ஓட்டை வழியாகத் திரைமேல் வெயில் விழாமல் பார்த்துக்கொள்வது ஆபரேட்டர் பொறுப்பு.

வட்டிக்குத் தெரியுமா ஆடி மாசம்?

கடைசியில் எல்லாம் காசுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மெஷின் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆள் கூலி, வண்டி வாடகை போக டி.ஜே.க்கு மட்டும் விசேஷத்துக்கு 4 ஆயிரம் மிஞ்சுகிறது என்றால், 50 விசேஷம் ஓட்டினால்தான் முதல் திரும்பும். மெஷின் 4 லட்சம் என்றால் 100 விசேஷம்!

நாலு பாட்டை ஒரே நேரத்தில் கலக்கும் மெஷின் என்பதற்காகக் கல்யாண வீட்டுக்காரர் இரட்டை வாடகை தருவாரா? தரமாட்டார். அவருக்குப் பாட்டு நிற்காமல் ஓட வேண்டும். அவ்வளவுதான்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆடியில் அம்மன் கோவில் கூழ், மார்கழியில் விடியற்காலைப் பாட்டு என்று ரேடியோ செட்டுக்கு வேலை இருக்கும். டி.ஜே. பெட்டி பெரும்பாலும் மூடியே கிடக்கும். கடன் தவணை மட்டும் மாசம் தவறாமல் வரும்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்க 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் தடை போடுகின்றன. எவ்வளவு பெரிய மெஷின் வாங்கினாலும் சம்பாதிக்கும் நேரம் நீளாது.

என்ன செய்யலாம்?

முதல் மெஷின் வாங்குகிறவருக்கு இரண்டு பாட்டு மெஷினே போதும். அக்கம்பக்கத்தில் பயனியர் அதிகம் என்றால் ஆர்.எக்ஸ்.3 வகை. டெனான் அதிகம் என்றால் பிரைம் வகை. பெரிய மண்டபத்தோடு வருஷ ஒப்பந்தம் உள்ளவர் மட்டும் நாலு பாட்டு மெஷினை யோசிக்கலாம்.

ரிப்பேர் எந்த ஊரில், பாகம் வர எத்தனை நாள் என்பதைக் கடைக்காரரிடம் பில்லிலேயே எழுதி வாங்குவது உத்தமம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு முகூர்த்தத்துக்கு அதே மெஷினை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும் வீட்டுக்காரரும் மெஷின் பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். "இது நின்னுட்டா மாத்து மெஷின் எங்கேர்ந்து வரும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அதற்குச் சட்டென்று பதில் சொல்கிறவரிடம் தாராளமாக அட்வான்ஸ் கொடுக்கலாம்.