ஊடகக் கல்வியும் நம் கடமையும்

உமறுப் புலவரின் சீறாப்புராணம் நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளிலேயே வழங்கி வந்தது. அதனை 1842ஆம் ஆண்டில் அச்சேற்றித் தமிழுலகிற்கு அளித்தவர் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் ஆவார். இந்தியர் தடையின்றி அச்சுக்கூடம் நடத்தும் உரிமை 1835ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. ஏழே ஆண்டுகளில் நம் முன்னோர் அப்புதிய கருவியைத் தம் வயமாக்கி, ஒரு பெருங்காப்பியத்தைச் செல்லரிக்காமல் காத்துவிட்டனர். புதியது எனக் கண்டு அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை.

அந்த வழியில் வந்த நாம் இன்று எங்கே நிற்கின்றோம்? வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. டிஜிட்டல் ஊடகம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் குடியேறிவிட்டது. திரையில் நம் சமுதாயத்தைத் தவறாகச் சித்திரிக்கின்றனர் என்று மேடைதோறும் வருந்துகிறோம். அவ்வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் அத்திரைக்குப் பின்னே எழுதுவோராகவும், ஒளிப்பதிவு செய்வோராகவும், படத்தொகுப்பு செய்வோராகவும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் அமர்ந்திருக்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். குறை கூறுவதற்குக் குரல் போதும். அக்குறையைக் களைவதற்குப் பயிற்சி வேண்டும்.

இதற்கு வழிகாட்டும் முன்மாதிரி ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 1920இல் அலிகாரில் தோன்றி, 1925இல் தில்லிக்குப் பெயர்ந்த ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமியாவில், துணைவேந்தராக இருந்த அன்வர் ஜமால் கித்வாய் 1982ஆம் ஆண்டில் மக்கள் தொடர்பியல் ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார். கனடாவின் யார்க் பல்கலைக்கழகம் அதற்குத் துணை நின்றது. திரைப்பட இயக்குநர்கள் கபீர் கான், கிரண் ராவ் போன்றோர் அங்குப் பயின்றவர்களே. எச்சமயத்தவரும் ஒருங்கே அமர்ந்து பயிலும் அம்மையம் இன்று கித்வாயின் பெயரையே தாங்கி நிற்கின்றது. மௌலானாக்களும் அறிஞர்களும் வளர்த்த ஒரு கல்விக்கூடம் நாற்பது ஆண்டுகட்கு முன்னரே துணிந்து செய்ததைச் செய்ய நாம் ஏன் தயங்க வேண்டும்?

“கைப்பேசி இருந்தால் எவரும் படம் பிடிக்கலாம், இதற்குப் பட்டப்படிப்பு எதற்கு?” என்று சிலர் கேட்கின்றனர். பேனா இருப்பவரெல்லாம் எழுத்தாளர் ஆவதில்லை என்பதே அதற்கு விடை. பொத்தானை அழுத்தக் கற்பதற்குப் பல்கலைக்கழகம் தேவையில்லைதான். எதைப் பதிவு செய்வது, எதை விடுப்பது, யாருடைய இசைவைப் பெறுவது, வெட்டி ஒட்டும்போது ஒருவர் கூற்றின் பொருள் திரியாமல் காப்பது எவ்வாறு என்பவற்றை முறையாகக் கற்க வேண்டும். ஒருவர் பேசாததை அவர் குரலிலேயே பேசியதாகக் கணினி காட்டிவிடும் இந்நாளில் இக்கல்வி முன்னினும் இன்றியமையாதது ஆகிவிட்டது.

செய்தியைச் சோதித்து அறியும் இப்பயிற்சி நமக்குப் புதியதும் அன்று. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதனைத் தெளிவாக விசாரித்தறியுமாறு திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகின்றது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒவ்வோர் அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்தனர்; ஒருவரிடமிருந்து கேட்டதாகக் கூறுபவர் அவரை நேரில் சந்தித்ததற்குச் சான்று உண்டா என்றும் இமாம் புகாரி நுணுகி நோக்கினார். வந்த செய்தியை அக்கணமே பிறர்க்கு அனுப்பிவிடும் நம் இளைஞர்கள், தங்கள் மரபிலேயே இத்தகைய கடும் ஒழுங்கு இருந்ததை அறிதல் நன்று. ஊடக வகுப்பறையில் அறிவிப்பாளர் வரிசையைப் பற்றிய ஒரு பாடம் இடம்பெறுமாயின், அது எச்சமய மாணவருக்கும் பயன் தரும்.

இனித் தமிழ்த்துறையின் பங்கினைக் காண்போம். அச்சில் உள்ளதை வாசகர் திரும்பப் படிக்கலாம். வானொலியில் ஒருமுறை கேட்டது கேட்டதுதான். தமிழிலோ வினைமுற்று பெரும்பாலும் தொடரின் இறுதியில் வருகிறது. பெயரெச்சங்களையும் வினையெச்சங்களையும் அடுக்கிக்கொண்டே போனால், முடிவு வருமுன் கேட்பவர் தொடக்கத்தை மறந்துவிடுவார். ஆகவே செவிக்கு எழுதும் தமிழ் வேறு. கண்ணுக்கு எழுதும் தமிழ் வேறு. இலங்கை வானொலியிலும் பி.பி.சி.யிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம், ‘ஒலிபரப்புக் கலை’ என்று ஒரு நூலே எழுதினார். லகர, ளகர, ழகரங்களைப் பிறழாது ஒலித்த பி.எச். அப்துல் ஹமீதின் தமிழுக்காகவே இரு கரைகளிலும் இலங்கை வானொலியைக் கேட்டோர் பலர். இத்தகைய பயிற்சியை இயந்திரம் தராது. மொழியாசிரியரே தர இயலும். ஆனால் பல இடங்களில் ஊடகப் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. பயின்று வெளிவருவோர் பணியாற்றப் போவதோ தமிழ் நிலையங்களில்.

மொழியை மறந்த முயற்சி எந்த அளவில் நின்றுவிடும் என்பதற்கும் சான்று உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்டு 15 அன்று தூர்தர்சன் வழியாக நாடு தழுவிய வகுப்பறை நிகழ்ச்சியைத் தொடங்கியது. நோக்கம் உயர்ந்தது; நிகழ்ச்சிகளோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. சிற்றூர்க் கல்லூரித் தமிழ் மாணவனுக்கு அவற்றால் கிடைத்த பயன் சிறிதே.

இந்நிலை மாறுவதற்கான வாய்ப்புகள் பின்னர் வந்தன. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அண்ணா எஃப்.எம். என்னும் சமுதாய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. நம் நாட்டுக் கல்வி வளாகங்களில் அதுவே முதலாவது. சமுதாய வானொலிக்கான விதிகள், நிகழ்ச்சிகளில் பாதியேனும் அவ்வட்டார மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்கின்றன. வட்டார மொழிக்கும் வழக்கிற்கும் முதன்மை தருகின்றன. மீனவர் சொல்லையும், நெசவாளர் சொல்லையும், நம் இல்லங்களில் வழங்கும் சொல்லையும் அறிந்த தமிழ் மாணவருக்கன்றி வேறு யாருக்கு இது பொருந்தும்?

பெற்றோரின் தயக்கத்தையும் நாம் அறிவோம். திரைத்துறையின் கேளிக்கைச் சூழலில் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்மக்கள், ஒழுக்க நெறியினின்றும் விலகிவிடுவார்களோ என அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் ஊடகம் என்பது கேளிக்கை மட்டுமன்று. மருத்துவ அறிவுரை, வேளாண் செய்தி, குழந்தைகளுக்கான கதை, முதியோரின் நினைவுகள் எனப் பயனுள்ள துறைகள் பல உள்ளன. ஒலிப்பதிவு அறையில் அமர்ந்து ஓர் உரைச்சித்திரத்தை உருவாக்கும் பெண் எந்த நெறியையும் இழப்பதில்லை. நல்லோர் ஒதுங்கிய இடத்தை அல்லோர் நிரப்புவர். பின்னர் வருந்துவதில் பயனில்லை.

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். தமிழ் இளங்கலைப் பாடத்திட்டத்தில் ஊடகத் தமிழ் ஏட்டளவில் நில்லாது செய்முறைத் தாளாக அமைதல் வேண்டும். கல்லூரிதோறும் எளிய ஒலிப்பதிவு அறை ஒன்று வேண்டும். அதற்கு ஓர் அமைதியான அறை, ஒரு கணினி, இரண்டு ஒலிவாங்கிகள் போதும். பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் உதவித்தொகை வழங்கும் சமுதாயப் புரவலர்கள், ஊடகம் பயில விழையும் ஏழை மாணவர்க்கும் தம் கைகளை நீட்டுதல் வேண்டும்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு ஒரு காப்பியத்தை ஏற்றியவர்களின் வழித்தோன்றல்கள் நாம். நம் ஊர்ப் பெரியோரின் குரல்கள் பதிவு பெறாமலே ஒவ்வொன்றாய் மறைந்து வருகின்றன. அவற்றைக் காக்கும் பொறுப்பு நம் மாணவர்களைச் சாரும்; அவர்களுக்குக் கருவியும் கல்வியும் தரும் பொறுப்பு நம்மைச் சாரும். எல்லாம் வல்ல இறைவன் அதற்குரிய ஆற்றலை நமக்கு அருள்வானாக.