பெர்ரிக்கு எதற்கு நன்றி?

போன வாரம் பொருளாதார வகுப்பில் ஜப்பான் வந்தது. மொத்தமே நாலு வரிதான். இருநூறு வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்த நாடு. 1853-ல் அமெரிக்கக் கப்பற்படைத் தளபதி பெர்ரி வந்து கதவைத் தட்டினார். முழித்துக்கொண்டார்கள். ஐம்பது வருஷத்தில் தொழில் வல்லரசு ஆகிவிட்டார்கள். அவ்வளவுதான், அடுத்து ஜெர்மனி.

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இதத்தான்டா நான் சொல்றேன், வெள்ளைக்காரன் வரலேன்னா எவனும் உருப்பட்டிருக்க மாட்டான்!" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. நூலகத்தில் கிடைத்ததைப் படிக்கப் படிக்க உறுத்தல் எரிச்சலானது. அந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு எளிய சோதனை. வெளிநாட்டுக் கப்பல் வந்து கதவை உடைத்தால் தொழில் வளரும் என்பது உண்மையானால், யார் கதவு முதலில் உடைந்ததோ அவர்கள்தானே முன்னால் போயிருக்க வேண்டும்? சீனாவின் கதவு அபினிப் போரில், 1842-லேயே உடைந்தது. பெர்ரிக்கு 11 வருஷம் முன்பு. நம் கதை இன்னும் பழையது. பெர்ரி ஜப்பான் போன அதே 1853-ல் பம்பாயிலிருந்து தானாவுக்கு ரயில் ஓடிவிட்டது. 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கும் ஓடியது. ஜப்பானில் முதல் ரயில் 1872-ல்தான். பத்தொன்பது வருஷம் நாம் முன்னால்! அப்புறம் என்ன ஆச்சு? இரும்புத் தண்டவாளமும் வெள்ளைக்காரனும் இருந்தால் போதும் என்றால், இந்நேரம் ஜப்பான்காரன் நம்மிடம் கார் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆக வித்தியாசம் கதவைத் தட்டியவனிடம் இல்லை, வீட்டுக்குள்ளே இருந்ததில்தான் இருக்கிறது. ஒரு பி.காம் மாணவனாகச் சொல்கிறேன், இந்தப் பெர்ரி கதை ஆரம்ப இருப்பைக் காட்டாத கணக்கு. அதைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டால், கடைசியில் இருக்கும் சொத்தெல்லாம் நேற்று வந்த பங்குதாரர் போட்ட முதல் மாதிரிதான் தெரியும்.

அந்த ஆரம்ப இருப்பு என்ன என்று பார்ப்போம்.

டோக்குகாவா ஷோகன்களின் தலைநகரம் எடோ, இன்றைய டோக்கியோ. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே சுமார் பத்து லட்சம் பேர். உலகத்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. காரணம் வேடிக்கையானது. டைம்யோ எனப்படும் பிரபுக்கள் கலகம் செய்யாமல் இருக்க, ஒரு வருஷம் சொந்த ஊர், ஒரு வருஷம் எடோ என்று மாறி மாறி இருக்கவேண்டும், மனைவி மக்கள் எப்போதும் எடோவில்தான் என்று 1635-ல் சட்டம் போட்டார்கள். பிணைக்கைதி ஏற்பாடுதான். ஆனால் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பிரபுக்கள் பரிவாரத்தோடு போக வர இருந்தால் சாலை வேண்டும், சத்திரம் வேண்டும், பணம் வேண்டும். வரி வருவதோ நெல்லும் அரிசியுமாக. அதை விற்றுக் காசாக்க ஒரு ஊர் வேண்டும். அதுதான் ஒசாகா.

ஒசாகாவின் டோஜிமா அரிசிச் சந்தையைப் பற்றி நம் பாடப் புத்தகத்தில் ஏன் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. அங்கே கிடங்கு ரசீதை வைத்து அரிசி வாங்கி விற்றார்கள். பிறகு ரசீதுகூட இல்லாமல், பின்னால் ஒரு தேதிக்கான விலையை இன்றே பேசி, வித்தியாசத்தை மட்டும் கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள். ஆமாம், நாம் ஃபியூச்சர்ஸ் என்று படிக்கிற அதே சங்கதி. ஷோகன் அரசு 1730-ல் இதை அதிகாரபூர்வமாக அங்கீகரித்தது. உலகின் முதல் ஒழுங்கமைந்த முன்பேரச் சந்தை இதுதான் என்று பலரும் சொல்கிறார்கள். சிகாகோவில் அந்த வியாபாரம் வந்தது அடுத்த நூற்றாண்டில். மிட்சுயி குடும்பம் 1673-ல் எடோவில் திறந்த துணிக்கடையில் பேரம் கிடையாது, கடன் கிடையாது, ஒரே விலை, ரொக்கம். அந்த மிட்சுயிதான் இன்றைய மிட்சுயி. தூங்கிக்கொண்டிருந்தவன் செய்கிற வேலையா இது?

சரி, படிப்பு? கோயில்களிலும் வீடுகளிலும் நடந்த தெராகோயா என்ற திண்ணைப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அந்தக் காலத்தின் கடைசியில் ஆண்பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம், பெண்பிள்ளைகளில் 10 முதல் 15 சதவீதம் ஏதோ ஒரு பள்ளிக்குப் போயிருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு. எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரிந்த ஆள் கிராமத்திலேயே கிடைத்தான்.

'கதவைச் சாத்திய நாடு' என்பதும் பாதிதான் உண்மை. நாகசாகியில் டெஜிமா என்ற குட்டித் தீவில் டச்சுக்காரர்கள் இருந்தார்கள். சீனக் கப்பல்கள் வந்தன. கொரியாவோடு சுஷிமா வழியாகவும், ர்யூக்யூ தீவுகளோடு சட்சுமா வழியாகவும் வியாபாரம் நடந்தது. கதவை அரசாங்கம் இறுக்கிப் பிடித்திருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜன்னல் திறந்துதான் இருந்தது.

அந்த ஜன்னல் வழியாக வந்த புத்தகங்கள் என்ன செய்தன தெரியுமா? 1771-ல் சுகிதா கெம்பாகு என்ற மருத்துவரும் நண்பர்களும் ஒரு டச்சு உடற்கூறு நூலைக் கையில் வைத்துக்கொண்டு, மரண தண்டனை பெற்ற ஒருத்தியின் உடலை அறுப்பதைப் பார்த்தார்கள். படமும் உடம்பும் அச்சு அசலாக ஒத்துப்போயின. மொழி அரைகுறையாகத் தெரிந்த நிலையிலேயே உட்கார்ந்து மொழிபெயர்த்து 1774-ல் வெளியிட்டார்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. கியூஷூவில் சாகா என்ற பிரபுவின் பகுதி. நாகசாகித் துறைமுகத்தைக் காவல் காக்கிற பொறுப்பு அவர்களுக்கும் இருந்தது. அவர்கள் ஒரு டச்சு பீரங்கி வார்ப்புப் புத்தகத்தை மொழிபெயர்த்து, அதைப் பார்த்தே இரும்பு உருக்கும் உலை கட்டினார்கள். வெளிநாட்டு எஞ்சினியர் ஒருத்தர்கூட இல்லை. முதலில் வார்த்ததெல்லாம் சொதப்பல். விடாமல் செய்து இரும்பு பீரங்கி வார்த்துவிட்டார்கள். உலை கட்டிய வருஷம் 1850. பெர்ரி வர இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது!

"அப்படியே இருந்தாலும், வெள்ளைக்காரன் மேல் இருந்த பயத்தில்தானே கட்டினார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பயம் இருந்தது உண்மைதான். சீனா அடிவாங்கிய செய்தி நாகசாகிக்கு உடனே வந்துவிட்டது. ஆனால் தெருவில் திருடன் நடமாடுகிறான் என்று நான் பூட்டுச் செய்தால், பூட்டுக்கான பெருமை திருடனுக்கா போகும்? பூட்டுச் செய்யத் தெரிந்த கை என்னுடையது.

இங்கே நிறுத்திவிட்டால் நானும் ஜல்லியடிக்கிறவன் ஆகிவிடுவேன். ஏனென்றால் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கோஷ்டி இருக்கிறது. பழைய ஜப்பான் ஒரு சொர்க்கம், சாமுராய் மானம், தேநீர்ச் சடங்கு, செர்ரிப் பூ என்று உருகுகிறவர்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை.

மேலே சொன்ன உடற்கூறுக் கதையில் கத்தி பிடித்து உடலை அறுத்தது மருத்துவர்கள் இல்லை. அறுத்தவர் தொண்ணூறு வயதுக் கிழவர், 'எதா' என்று ஒதுக்கிவைக்கப்பட்ட சாதிக்காரர். பிணத்தைத் தொடுகிற வேலை அவர்களுக்குத்தான். இது நெஞ்சு, இது ஈரல் என்று காட்டிக்கொடுத்தவரும் அவரே. புத்தகத்தில் மருத்துவர்கள் பெயர் இருக்கிறது, கிழவர் பெயர் இல்லை. சட்டப்படி அந்த ஒதுக்கல் ஒழிந்தது 1871-ல். மனத்தில் ஒழிந்ததா என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விவசாயி விளைச்சலில் நாற்பது, ஐம்பது சதவீதம்வரை வரியாகப் போனது. 1780-களிலும் 1830-களிலும் பெரும் பஞ்சங்கள். 1837-ல் ஒசாகாவில் ஓஷியோ ஹெய்ஹாச்சிரோ என்ற ஓய்வுபெற்ற காவல் அதிகாரி, கண் முன்னால் ஜனம் பட்டினியில் சாகும்போது அரிசி எடோவுக்குப் போகிறதே என்று கொதித்து, தன் புத்தகங்களையெல்லாம் விற்றுப் பசித்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கலகத்தில் இறங்கினார். ஒரே நாளில் அடக்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. டோஜிமா இருந்த அதே ஊர்தான் அது. சந்தை எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தாலும் பசித்தவனுக்குச் சோறு போடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இப்போது கப்பல்கள் உண்மையில் என்ன கொண்டுவந்தன என்று பார்ப்போம். 1854-ல் முதல் ஒப்பந்தம். 1858-ல் அமெரிக்கா, அதைத் தொடர்ந்து பிரிட்டன், ரஷ்யா, பிரான்ஸ், நெதர்லாந்து. சாராம்சம் இரண்டு. ஒன்று, ஜப்பான் மண்ணில் வெள்ளைக்காரன் குற்றம் செய்தால் ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. இரண்டு, இறக்குமதி வரியை ஜப்பான் தன் இஷ்டப்படி போட முடியாது. 1866-ல் அதை 5 சதவீதத்துக்கு இறக்கியே விட்டார்கள். முதலாவது ஒழிந்தது 1899-ல். இரண்டாவது முழுசாக ஒழிந்தது 1911-ல். அரை நூற்றாண்டு, குழந்தைத் தொழில்களுக்குச் சுங்க வேலி கட்டும் உரிமை இல்லை. இதே காலத்தில் அமெரிக்கா தன் வீட்டில் என்ன வரி வைத்திருந்தது என்று பாருங்கள். ஊருக்குத்தான் உபதேசம்.

பணக் கதை இன்னும் மோசம். உலகச் சந்தையில் ஒரு பங்கு தங்கத்துக்குச் சுமார் 15 பங்கு வெள்ளி. ஜப்பானுக்குள்ளே 5 பங்குதான். வெள்ளி நாணயத்தை எடைக்கு எடை மாற்றித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டார்கள். 5 கிலோ வெள்ளியோடு யோகோஹாமாவில் இறங்கு, 1 கிலோ தங்கத்தோடு ஷாங்காய் போ, 15 கிலோ வெள்ளியாக மாற்று, திரும்பி வா. உழைப்பே இல்லாமல் மூன்று மடங்கு! 1859-ல் துறைமுகம் திறந்த சில மாதங்களிலேயே தங்கம் ஒழுக ஆரம்பித்தது. தடுக்க வழியில்லாமல் 1860-ல் அரசு தங்க நாணயத்தின் தங்க அளவைக் கடுமையாகக் குறைத்தது. விலைவாசி ஏறியது. அரிசி விலை அடுத்த சில வருஷங்களில் பல மடங்கானது. பட்டு நூல் எல்லாம் ஏற்றுமதிக்குப் போக, கியோட்டோவின் நிஷிஜின் நெசவாளர்கள் நூலுக்குத் திண்டாடினார்கள். இதற்குத்தான் நன்றி சொல்லச் சொல்கிறார்கள்.

1868-க்குப் பிறகு வந்த மெய்ஜி அரசு தொழிற்சாலை கட்டியது, பள்ளி கட்டியது, எல்லாம் சரி. காசு யாருடையது? 1873-ல் நிலத்தின் மதிப்பில் 3 சதவீதம் ரொக்கமாக வரி. விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்டு. கலகங்கள் வெடித்த பிறகுதான் 1877-ல் அதை 2.5 ஆக்கினார்கள். டாலர் சம்பாதித்துக் கொடுத்தது பட்டு. பட்டு நூற்றது கிராமத்து ஏழைப் பெண்பிள்ளைகள். அவர்கள் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணிக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் வந்ததே 1911-ல்தான், அமலுக்கு வந்தது 1916-ல். பன்னிரண்டு மணி நேரம் என்பதே ஒரு சலுகை என்றால், அதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும்?

அப்படியானால் பெர்ரியிடமிருந்து ஜப்பான் எதுவுமே கற்றுக்கொள்ளவில்லையா? ஒன்றைக் கற்றுக்கொண்டது. அதுதான் இந்தக் கதையின் மிகக் கசப்பான பகுதி.

1875-ல் கொரியாவின் கங்வா தீவுக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பானியப் போர்க்கப்பல் போய் நின்றது. கொரியர்கள் சுட்டார்கள். இதுதான் சாக்கு என்று திருப்பி அடித்தார்கள். 1876-ல் கப்பல்களோடு வந்து ஒப்பந்தம். துறைமுகத்தைத் திற. எங்கள் ஆள் குற்றம் செய்தால் நாங்களே விசாரிப்போம். அதை ஒட்டிய உடன்பாட்டில் எங்கள் சரக்குக்குச் சுங்க வரியே கிடையாது. ஐந்து சதவீதத்துக்கே அழுதவர்கள், அடுத்தவனுக்குப் பூஜ்யம் எழுதினார்கள்! பெர்ரி வந்து இருபத்து மூன்றே வருஷம். காரணமாகச் சொன்னதும் அதே வசனம்தான்: தூங்குகிற அண்டை வீட்டானை எழுப்புகிறோம்.

1894-95 போரில் சீனா தோற்றது. தைவான் போயிற்று. இழப்பீடு 20 கோடி டேல் வெள்ளி, லியாவ்துங்கைத் திருப்பிக் கொடுத்ததற்கு மேற்கொண்டு 3 கோடி. போருக்கு முந்தைய ஜப்பான் அரசின் ஆண்டுச் செலவைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி படைக்கே போனது. 1897-ல் யென் தங்க நாணயத் திட்டத்துக்கு மாறியதும் அந்தப் பணத்தைக் கையிருப்பாக வைத்துத்தான். 1901-ல் எரிய ஆரம்பித்த யவாட்டா இரும்பாலைக்கும் அதிலிருந்து ஒரு பங்கு போனது. அந்த உலைக்கு இரும்புத்தாதுவும் சீனாவின் தாயே சுரங்கத்திலிருந்து வந்தது. 1910-ல் கொரியாவே காணாமல் போனது.

இதனால்தான் வகுப்பில் கேட்ட அந்த ஒரு வரி எனக்கு வெறும் ஜோக்காகப் படவில்லை. "கதவை உடைத்ததால்தான் நீ உருப்பட்டாய்" என்பதை நீங்கள் பெர்ரிக்கு ஒத்துக்கொண்டால், கொரியாவில் ஜப்பான் செய்ததற்கும் ஒத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் ரயிலைக் காட்டிக் கும்பினிக்காரன் கேட்கும் நன்றியையும் கொடுத்துவிட வேண்டும். மூன்றும் ஒரே வாக்கியம். பெயர்தான் வேறு.

ஜப்பான் தொழில்மயமானது, திண்ணைப் பள்ளியில் கணக்குப் படித்தவனால், டோஜிமாவில் விலை பேசியவனால், புத்தகத்தைப் பார்த்து உலை கட்டியவனால், வரி கட்டிய விவசாயியால், நூல் நூற்ற பெண்ணால், ஒரு பங்கு கொரியன், சீனன் பணத்தால். வரவில் எழுத வேண்டிய பெயர்கள் இவை. பெர்ரியின் பெயரை எழுத வேறு பக்கம் இருக்கிறது.

அடுத்த வகுப்பில் அந்தப் பின் பெஞ்சு நண்பனிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்க்கப் போகிறேன். அவன் என் நல்ல நண்பன்தான், கேட்பான். கேட்டுவிட்டு "அப்போ நம்ம ஆரம்ப இருப்பு என்னடா ஆச்சு?" என்று கேட்டால்? அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. தேட வேண்டும்.